முதுகில் வைத்த கை

முழங்கால் மூட்டு மாற்றி ஒன்றரை மாதம் ஆகிறது. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்து என்னை நடக்கப் பழக்குகிறாள். அதற்கென்றே படித்த பெண். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு இந்த மூன்றாவது மாடி வீட்டில் என்னோடு பேச வருகிற ஆள் அவள் ஒருத்திதான். அதனால் ஒன்பதரைக்கே தலை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கேட்டால் நான் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிக்கொள்வேன்.

போன வாரம் அவள் என் எதிரே நெருங்கி நின்றாள். என் இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், ஒரு கையை வைத்தாள். "பயப்படாம ஒரு அடி பின்னால வைங்க பாட்டி" என்றாள். நான் வலது காலைப் பின்னால் வைத்தேன். இடது கால் தானாகப் பக்கத்தில் நகர்ந்தது. வலது கால் வந்து அதோடு சேர்ந்து நின்றது. அவள் கேட்டது ஒரு அடிதான்.

"முன்னால நடக்கச் சொன்னா அழுவுறீங்க. பின்னால மட்டும் டான்ஸ் மாதிரி வருது" என்று சிரித்தாள்.

நான் எங்கே அழுதேன் என்று அவளிடம் கொஞ்சம் கோபித்துக்கொண்டேன். டான்ஸ் என்று சொன்னதை மறுக்கவில்லை. அவள் மூட்டில் தடவிவிட்ட மருந்தில் கற்பூர வாசனை அடித்தது. அந்த வாசனையும் முதுகில் அந்தக் கையும் ஒன்றாக வந்ததும் நான் நெய்வேலிக்குப் போய்விட்டேன். அவள் போன பிறகும் வெகுநேரம் அங்கேதான் இருந்தேன். வேறு யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இப்போது இல்லை. சுரங்கம் தோண்ட எடுத்துக்கொண்டார்கள். நிலம் கொடுத்ததற்கு என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை கிடைத்தது. முதலில் கான்ட்ராக்ட், பிறகு பர்மனென்ட். பர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீடு திருநெல்வேலி, ஒரு வீடு கோயம்புத்தூர், ஒரு வீடு மதுரை. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், நாங்கள் மட்டும் அந்த மண்ணுக்காரர்கள். ஆனால் அவர்களெல்லாம் சொந்த ஊர் போல நடந்துகொண்டார்கள், நான்தான் விருந்தாளி மாதிரி கூசிக்கொண்டு நின்றேன். நான் 'வூடு' என்றால் அடுத்த வீட்டுத் திருநெல்வேலி அம்மா வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் 'அவிய', 'இவிய' என்பதற்கு நான் சிரித்ததில்லை. எனக்கு மரியாதை தெரியும்.

எனக்கென்று ஒரு மாடு இருந்தது. செவலை. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து. குவார்ட்டர்ஸில் மாடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம். சட்டத்தைச் சொல்ல வந்தவரும் மறுநாளிலிருந்து என்னிடம் அரைப்படி பால் வாங்கினார். நான் யார் வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடு என்னுடையது, பால் என்னுடையது, இடுப்பில் தூக்குப்பாத்திரத்தோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிமிர்ந்துதான் நிற்பேன். தண்ணீர் கலந்தேன் என்று யாராவது சொன்னால் இந்த மூட்டோடு இப்போதும் சண்டைக்குப் போவேன்.

எங்கே விட்டேன்? வீட்டுக்காரர். அவர் பெயரை நான் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை. நல்ல மனுஷன். குடி கிடையாது, கைநீட்டினது கிடையாது. பேச்சும் கிடையாது. மண்ணை அள்ளிக்கொண்டு போகிற பெரிய பெல்ட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு வேலை. அந்தச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச என்ன இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மூன்று ஷிப்ட்டும் மாறி மாறி வரும். அவர் தூங்கும்போது நான் விழித்திருப்பேன், நான் தூங்கும்போது அவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போவது குள்ளஞ்சாவடியில் என் தங்கை வீட்டுக்குத்தான். மாதம் ஒரு தரம். அப்போதும் அவர் பத்தடி முன்னால், நான் பத்தடி பின்னால். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பக்கத்தில் சேர்ந்து நடந்தால் சிரிப்பார்கள். அவருடைய பின்கழுத்து மடிப்பில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத பழுப்புக் கரித்தூள் ஒரு கோடாக இருக்கும். அவர் முகத்தைவிட அந்தக் கோடு எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் நான் பார்த்துக்கொண்டு நடந்தது அதைத்தான்.

நான் பால் ஊற்றிய வீடுகளில் ஒன்று ஐரினம்மா வீடு. எங்கள் வரிசையிலிருந்து நான்கு தெரு தள்ளி, பெரிய குவார்ட்டர்ஸ். சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ-இந்தியர்கள். அவருடைய வீட்டுக்காரருக்குக் கரண்ட் எடுக்கிற தெர்மலில் பெரிய வேலை. பிள்ளைகள் மெட்ராஸில் ஹாஸ்டலில் படித்தார்கள். கவுன் போட்ட அம்மா, இங்கிலீஷ்தான் பேசும் என்று பயந்துகொண்டு முதல் நாள் போனேன். கதவைத் திறந்து, "இன்னாம்மா, பால் நல்லா கெட்டியா கீதா?" என்று கேட்டது. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவராம். அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது. டவுன்ஷிப்பில் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத ஒரே வீடு அது. அவர் பேச்சு அந்த மாதிரி இருக்கும்போது என் பேச்சைக் கேட்டுச் சிரிக்க என்ன இருக்கிறது?

மத்தியானம் மூன்று மணிக்கு அங்கே பால் ஊற்றுவேன். கடைசி வீடு. கூடத்துத் தரை சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். ஓரத்தில் ஒரு பெட்டியில் இசைத்தட்டு சுற்றும். ஒருநாள் நான் வாசலில் நிற்பது தெரியாமல் அந்த அம்மா கூடத்து நடுவில், இல்லாத ஒரு ஆளின் தோளில் கை வைத்த மாதிரி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.  ஏதோ சாமி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் வெட்கப்படவில்லை. அவர்களுடைய கிளப்பில் புருஷன் பெண்டாட்டியெல்லாம் ஜோடி சேர்ந்து ஆடுவார்கள் என்றார். அவருடைய ஆள் நன்றாக ஆடுவாராம். எல்லாப் பெண்களோடும் ஆடுவாராம். "என்கூட மொத ஆட்டம், கடைசி ஆட்டம். மத்த நேரம் நான் நாற்காலியில குந்திக்கினு இருப்பேன். அதுக்கு மரியாதைன்னு பேரு" என்றார். அந்த இரண்டு ஆட்டத்திலும் அந்த ஆளின் கை இவர் முதுகில் இருக்குமாம், கண் வேறெங்கோ இருக்குமாம். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்திரத்தை அப்பிடி வெச்சிட்டு வா" என்றார்.

எனக்கு அதெல்லாம் வராது என்றேன். நடக்க வருதில்ல, அது போதும் என்றார்.

முதலில் அவர் ஆணாக இருந்தார், நான் பெண்ணாக. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அதுதான் முறை. ஆணாக இருக்கிறவர் முன்னால் நடப்பார். பெண் அவர் முகத்தைப் பார்த்தபடி பின்னால் நடக்க வேண்டும். போகிற வழி அவளுக்குத் தெரியாது, முதுகில் வைத்த கைதான் சொல்லும். அது தள்ளாது. ஒரு விரல் அழுத்தினால் இந்தப் பக்கம், உள்ளங்கை லேசாக விட்டால் அந்தப் பக்கம். நான் அந்த வயதுவரை ஒருவர் பின்னால் நடந்தவள், ஒருவருக்கு முன்னால் பின்புறமாக நடந்ததில்லை. சுவரில் இடித்துக்கொள்வேன் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். புடவை காலில் மாட்டும். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றால், நாற்று நட வந்த மாதிரி கீறே என்று ஐரினம்மா சிரிப்பார்.

என் பெரிய குற்றம் முந்திக்கொள்வது. அவர் கை சொல்வதற்குள் நானாக ஒரு பக்கம் போய்விடுவேன். ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் இன்னும் கேக்கவே இல்ல, அதுக்குள்ள நீ பதில் சொல்ற. கேக்குற வரைக்கும் இரும்மா." பதினோரு வருஷமாக எதையும் யாரும் கேட்காத வீட்டில் இருந்தவள் நான். எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. பிறகு மாற்றிக்கொண்டோம். நான் ஆண், அவர் பெண். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான், அதற்காகத்தான் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் தரம் அவர் முதுகில் கை வைத்தபோது கவுன் துணிக்குக் கீழே எலும்பு தட்டுப்பட்டது. பால் கறக்கிற கை என்னுடையது, எந்த உடம்பும் பயந்திருக்கிறதா சாந்தமாக இருக்கிறதா என்று தொட்டதும் தெரிந்துவிடும். அந்த முதுகு ரொம்ப நாளாகக் காத்திருந்த முதுகு. நான் முன்னால் அடி வைத்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனார். தட்டு முடிந்து ஊசி கரகரவென்று தேய்கிற சத்தம் வரும்வரை நாங்கள் கையை எடுக்கவில்லை. அவர்தான் முதலில் எடுப்பார். எடுத்ததும் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து கொடுப்பார். 

அப்புறம்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுபத்தெட்டு வயதில் இனி என்ன கூச்சம்? என் வீட்டுக்காரர் ஒரே ஒருமுறை என் எதிரே நின்று, முதுகில் கை வைத்து, என் முகத்தைப் பார்த்து முன்னால் நான்கு அடி நடக்க வேண்டும். ஆட வேண்டாம். நான்கு அடி போதும்.

ஒருநாள் அவருக்கு வார லீவு. பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏதோ பாட்டு. "ஏங்க, இப்பிடி வாங்களேன்" என்றேன். வந்தார். அவருடைய வலது கையைப் பிடித்து, என் தோளுக்குக் கீழே, சரியான இடத்தில் வைத்தேன். கை மரம் மாதிரி நின்றது. அவர் முகம் மாறிப்போனது.

"என்னா ஆச்சி? எங்க வலிக்குது?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. பெல்ட் ஓடுகிற இடத்தில் கூப்பிட்டால் காது கேட்காது. ஏதாவது கோளாறு என்றால் பக்கத்து ஆளின் முதுகில் கை வைத்துத்தான் சொல்வார்களாம். அவருக்கு முதுகில் கை என்றால் ஆபத்து, அவ்வளவுதான். நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எந்த வார்த்தையில் சொல்வது? ஆடலாம் வாங்க என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்? மானம் போய்விடும் போல இருந்தது.

"சுளுக்கு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். அடுப்பங்கரை அவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து தேய்த்தார். காய்ப்புக் காய்த்த கை, ஆனால் அழுத்தம் பார்த்துப் பார்த்து வந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தரமாக அவர் எனக்குப் பின்னால் இருந்தார். நான் கேட்டது அது இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

தினமும் தேய்த்தார். எந்த ஷிப்ட்டாக இருந்தாலும், போவதற்கு முன்னாலோ வந்த பிறகோ, "எப்பிடிக்கீது?" என்று கேட்பார். இன்னும் இருக்குது என்பேன். எண்ணெய்க் கிண்ணம் வரும். என் முகம் அவருக்குத் தெரியாததாலோ என்னவோ, மெல்லப் பேச ஆரம்பித்தார். பெல்ட்டில் இன்றைக்கு ஒரு முழுப் பனைமரம் போயிற்று என்பார். கூட வேலை செய்கிற மதுரைக்காரர் பாட்டுப் பாடுவார், சத்தத்தில் வாய் அசைவது மட்டும்தான் தெரியும் என்பார். ஒருநாள் கை நின்றுபோனது. அப்போது சொன்னார்:

"நம்ம கெணறு இருந்த எடம் இன்னிக்கி வெட்டுல வந்துச்சி. சுத்துச்சுவரு செங்கல்லு பெல்ட்டுல போச்சி. நான்தான் பெல்ட்ட பாத்துக்கினு நின்னேன்."

நான் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். கேட்கிற வரைக்கும் இருக்க எனக்கு ஐரினம்மா சொல்லிக்கொடுத்திருந்தார் அல்லவா? அந்தக் கை மறுபடி நகர்கிற வரைக்கும் அப்படியே இருந்தேன்.

இப்படியாக எனக்கு இரண்டு வேலை ஆயிற்று. வீட்டிலிருந்து புறப்படும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பேன். தெரு திரும்பியதும் நிமிர்ந்துவிடுவேன். ஐரினம்மா வீட்டுச் சிவப்புத் தரையில் சுற்றிச் சுற்றி ஆடிவிட்டு, திரும்பி வரும்போது எங்கள் தெரு முனையில் மறுபடி குனிந்துகொள்வேன். திருநெல்வேலி அம்மா ஒருநாள் என் வீட்டுக்காரர் காதுபடவே, "பாவம், அந்தப் பால் சுமைதான் முதுகை வாங்குது" என்று இரக்கப்பட்டாள். என் நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

ஒரு மாதம் போயிருக்கும். நான் காலை வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தேன். கொட்டில் காலியாகக் கிடந்தது. கட்டுத்தறியில் கயிறு இல்லை. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார், சிரித்தார்கூட.

"செவலைய வளையமாதேவிக்காரங்ககிட்ட குட்த்துட்டேன். நல்லா வெச்சிப்பாங்க. இனிமே நீ பாரம் தூக்க வாணாம்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா, சொல்லுங்கள். எனக்காக ஒரு காரியத்தைத் தானாக நினைத்து, தானாகப் போய் முடித்துவிட்டு வந்து நிற்கிற மனுஷன். அவர் கையில் கயிறு அறுத்த தடம் இருந்தது. செவலை போகமாட்டேன் என்று இழுத்திருக்கும். உள்ளே போய் அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுதேன்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் ஐரினம்மாவே வந்தார். எங்கள் வரிசைக்குக் கவுன் போட்ட அம்மா வந்ததே இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். அவர் கையில் காலிப் பாத்திரம். உள்ளே வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"பால் வரலையே" என்றார்.

"மாட்ட வித்துட்டாங்கம்மா."

"மாடு போனா இன்னா. நீ வா" என்றார் மெதுவாக.

என் வாய் இருக்கிறதே, அது மட்டும் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும். "பால் இல்லாம என்னான்னு சொல்லிக்கினு நான் உங்க வூட்டுக்கு வருவேன்?" என்றேன். ஜன்னல்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஒரு வீட்டுக்கு வேலைக்காரி போகலாம், பால்காரி போகலாம், சொந்தக்காரி போகலாம். நான் யார்? அந்தப் பெயர் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது, சிநேகிதி என்று சொல்லியிருக்கலாம்.

அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற கை இல்லை அது. பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு திரும்பினார். தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்த்திருந்தால் போயிருப்பேன் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அவர் கேட்டாயிற்று. பதில் நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சுச் சத்தத்தில் விழித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். யாரு அது என்றார். பால் கேட்டு வந்தாங்க என்றேன். கிண்ணத்தை எடுக்கப் போனவர் நின்று, "இப்ப வலி உட்டுச்சா?" என்று கேட்டார். அவ்வளவு ஆசையோடு கேட்டார். மாட்டை விற்ற பிறகும் வலிக்கிறது என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்?

"உட்டுச்சிங்க" என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் என் முதுகைப் பற்றி நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். அன்றோடு எண்ணெய்க் கிண்ணம் பரணுக்குப் போனது. பேச்சும் அதோடு போனது. மறு மாதம் குள்ளஞ்சாவடிக்குப் போனோம், அவர் பத்தடி முன்னால், நான் பத்தடி பின்னால். ஒன்று மட்டும் புதிதாக வந்தது. பாதி வழியில் நின்று, திரும்பி, "வலிக்கலியே?" என்பார். "இல்லீங்க" என்பேன். மறுபடி நடப்பார். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒவ்வொரு தரமும் கேட்டார். பத்தடி தூரத்திலிருந்துதான் கேட்டார்.

அடுத்த வருஷம் ஐரினம்மா குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதாகத் திருநெல்வேலி அம்மா சொன்னாள். ரிட்டயர் ஆனதும் எங்கள் குவார்ட்டர்ஸையும் காலி செய்தோம். அவர் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அந்தப் பெரிய குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள் என்று மகன் சொல்கிறான். சிவப்புத் தரையைப் பெயர்த்து எங்கே கொட்டினார்களோ. செவலை, கிணறு, கரகரக்கிற ஊசி, பின்கழுத்தில் அந்தக் கரிக்கோடு, கதவைத் திறந்து இன்னாம்மா என்று கேட்கிற குரல், எதுவும் இல்லை. அங்கே ஒரு பால்காரி ஆடினாள் என்று சொன்னால் நம்ப ஒரு ஆள்கூட மிச்சமில்லை.

நேற்று அந்தப் பெண் என் முதுகில் கை வைத்துக் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை என்னைப் பின்னால் நடத்திக்கொண்டு போனாள். ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரொம்ப நன்றாக ஆகிவிட்டது, வலி சுத்தமாகப் போய்விட்டால் இனி நான் வர வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

வலி போய் நான்கு நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை கேட்டால், "இன்னும் இருக்குதும்மா" என்று சொல்லப்போகிறேன்.